பழைய ஜீப்பில் ஜாயிண்ட் கிராஸ் மாற்றுவது: தகரம் வைக்காத முறை

கிளட்ச்சை விடும்போது வண்டிக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். சந்துக்குள் மெதுவாகப் போனால் சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ப 'கீச்… கீச்…' என்று சுண்டெலிச் சத்தம். ஐம்பதைத் தாண்டினால் தரையும் சீட்டும் சேர்ந்து நடுங்கும். இந்த மூன்றும் இருந்தால் கியர் பாக்ஸைத் திட்டாதீர்கள். முதலில் குனிந்து, எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டைப் பாருங்கள்.

ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள உச்சிப்புளிப் பக்கம் நான் வாங்கிய பழைய மஹிந்திரா ஜீப்பில் மூன்றுமே இருந்தன. அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வருவதற்கு முன்னால், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல்நீரிலும் ஆளேற்றிப் போன வண்டிகளில் அதுவும் ஒன்று. வண்டியின் அடிப்பாகம் எப்படி இருந்திருக்கும் என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துருகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு முனைக்கும் இரண்டு விதமான கிராஸ் (ஷாஃப்ட் மடங்கும் இடத்தில் இருக்கும் கூட்டல் குறி வடிவத் துண்டு) போட்டிருந்தார்கள். ஒன்றில் கிரீஸ் நிப்பிள் இருந்தது, மற்றதில் இல்லை. நிப்பிள் இல்லாததைக் கழற்றினால், கப்புக்கும் (கிராஸின் காலை மூடும் தொப்பி) யோக்குக்கும் (அதைத் தாங்கும் கவட்டை) நடுவே பால்பவுடர் டப்பாத் தகரத்தை வளையமாக வெட்டிச் செருகியிருக்கிறார்கள். தகரத்தின் உள்பக்கத்தில் பச்சை எழுத்துகூட அழியவில்லை. கப்பு 26 மில்லிமீட்டர், யோக்கின் துளை 27. அந்த ஒரு மில்லிமீட்டரைத் தகரம் அடைத்துக்கொண்டிருந்தது. எந்தப் பட்டறை செய்த வேலையோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

கீழக்கரையில் எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தகரத்த வச்சு அடைக்க இது என்ன அண்டாவா?"

அவரிடம் கற்றதையும் பிறகு நானே செய்து பட்டதையும் இங்கே எழுதுகிறேன். முதல்முறை செய்பவர் ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எது எங்கே இருக்கிறது

எஞ்சின் முன்னால், ஓடுகிற சக்கரம் பின்னால். இரண்டுக்கும் நடுவே சக்தியைக் கொண்டுபோகும் குழாய்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட். பட்டறை மொழியில் ஜாயிண்ட் ஷாஃப்ட். நான்கு சக்கர ஓட்டம் உள்ள ஜீப்பில் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (கியர் பாக்ஸின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) பின் கிரவுனுக்கு (அச்சின் நடுவில் சக்கரங்களுக்குச் சக்தியைத் திருப்பிவிடும் பல்சக்கரம்) ஒன்று, முன் கிரவுனுக்கு ஒன்று என இரண்டு இருக்கும். அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு முன்பக்க ஷாஃப்ட் தலைவலி கிடையாது. மற்றபடி இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

கமான் பட்டை (ஸ்பிரிங் பட்டை) ஏறி இறங்கும்போது கிரவுனும் கூடவே ஏறி இறங்கும். அதனால் ஷாஃப்ட்டின் இரு முனையும் மடங்கிக்கொடுக்க வேண்டும். அந்த மடக்குதான் யுனிவர்சல் ஜாயிண்ட். கவட்டை போன்ற இரண்டு யோக், நடுவில் கூட்டல் குறி போல ஒரு கிராஸ், கிராஸின் நான்கு காலுக்கும் நான்கு கப்பு, ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி ஊசியாக நீடில் பேரிங். அவ்வளவுதான். இதைத் தூசி புகாமல் மூடிப் பழைய கார்களுக்கு ஏற்றதாக்கியவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். அவருக்கு 1903இல் காப்புரிமை கிடைத்தது. கடையில் இன்றும் கிராஸ் அளவை 'ஸ்பைசர் 1310', '1330' என்று சொல்வது அவர் வழியில் வந்த பெயர்தான்.

ஜோடி ஏன் பொருந்த வேண்டும்

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். மடங்கிய நிலையில் சுற்றும் ஒற்றை ஜாயிண்ட் சீராகச் சுற்றாது. ஒரு பக்கம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சீராக வந்தாலும், 10 டிகிரி மடங்கியிருந்தால் மறுபக்கத்தின் வேகம் 985க்கும் 1,015க்கும் நடுவே ஊசலாடும். அதுவும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. என் ஜீப்பின் கிரவுன் விகிதம் 5.38. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுற்றுகிறது. அப்படியென்றால் நொடிக்கு எண்பது உதறல்.

இந்த உதறலை அடுத்த முனையில் இருக்கும் ஜாயிண்ட் அப்படியே எதிர்த்திசையில் கழித்துவிடும். அதற்கு ஷாஃப்ட்டின் இரு முனை யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஜாயிண்ட்டும் ஒரே அளவு கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் ஒன்று கிளப்பும் நடுக்கத்தை மற்றது முழுதாகக் கழிக்காது, கூட்டிவிடவும் செய்யலாம்.

கிராஸ் தளர்ந்து ஆடினால் இந்தக் கணக்கெல்லாம் வீண். தகரம் வைத்த முனையில் ஷாஃப்ட்டின் நடுக்கோடே அரை மில்லிமீட்டர் ஒதுங்கி நிற்கும். அப்புறம் எந்த பேலன்ஸிங்கும் அதைக் காப்பாற்றாது. ஒரே ஷாஃப்ட்டின் இரண்டு கிராஸும் ஒரே அளவு, ஒரே ரகம், ஒரே நாளில் மாற்றியது என்று இருக்கட்டும். ஒன்று தேய்ந்திருந்தால் மற்றதும் அதே கிலோமீட்டர் ஓடியதுதானே. முன் ஷாஃப்ட்டின் கிராஸ் வேறு கம்பெனி என்றால் பரவாயில்லை, யோக்குக்குப் பொருந்தினால் போதும்.

காற்று இல்லாத நேரம் பாருங்கள்

வேறு ஊர்க்காரர் எழுதும் வழிகாட்டியில் இது இருக்காது. நம்ம ஊரில் முதல் எதிரி மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்டபம், பாம்பன் பக்கம் மதியத்துக்கு மேல் திறந்தவெளியில் பேரிங்கைத் திறந்து வைப்பது, சோற்றில் நாமே மண்ணை அள்ளிப் போடுவது போல. நீடிலுக்கு நடுவே நாலு மணல் பருக்கை போனால் புதுக் கிராஸ் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. விடியற்காலையில் தொடங்கி, கப்பைத் திறக்கும் வேலையைக் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, வெள்ளை வேட்டித் துணி ஒன்றை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். விழுந்த நீடில் கண்ணுக்குத் தெரியும்.

முந்தின நாள் இரவே எல்லா நட்டுக்கும் சர்கிளிப்புக்கும் (கப்பு வெளியே வராமல் பிடிக்கும் லாக் வளையம்) துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். இல்லையென்றால் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலைக் கலந்து பிரஷ்ஷால் தடவலாம். உப்புக்காற்றில் இறுகிய நட்டு ஊறாமல் திரும்பாது. திருகினால் யூ-போல்ட்தான் முறியும்.

ஜாக்கி, ஹேண்ட் பிரேக், உயிர்

பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் உள்ள டிரம்மில் இருக்கிறது. பின் ஷாஃப்ட்டைக் கழற்றிய நொடியில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது வெறும் டிரம்மை மட்டும்தான். சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஷாஃப்ட் மாட்டியிருக்கும்போதே ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் இதே கதிதான். தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும், வண்டி நகரும். கியரில் போட்டிருக்கிறேன் என்ற தைரியமும் வேண்டாம்.

கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். மணல்தரை வேறு வழியே இல்லை என்றால் ஜாக்கிக்குக் கீழே அகலமான பலகை போடுங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, பின் அச்சின் ஹவுசிங்குக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் அடியில் நுழைய வேண்டும். கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்காதீர்கள். இங்கே கிடைக்கும் கடற்பாறைக் கல் சட்டென்று நொறுங்கிவிடும். சக்கரத்தைத் தூக்குவது யூ-போல்ட் நட்டு கைக்கு வரும்படி ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொள்ளத்தான்.

அடையாளம் போட்டுக் கழற்றுதல்

கழற்றும் முன் ஷாஃப்ட்டின் யோக்கிலும் அது உட்காரும் எதிர் யோக்கிலும் சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி அடியுங்கள். சாக்பீஸ் டீசல் பட்டால் அழிந்துவிடும். நடுவில் நீண்டு சுருங்கும் ஸ்லிப் பகுதி இருக்குமே, அதிலும் இரு பக்கமும் புள்ளி வையுங்கள். கம்பெனியே அங்கே அம்புக்குறி போட்டிருக்கும், அழுக்கைச் சுரண்டினால் தெரியும். என் வண்டியில் இரண்டு அம்பும் எதிரெதிராக இல்லை. யாரோ ஸ்ப்ளைனில் (ஸ்லிப்பில் உள்ள பல் வரிசை) இரண்டு பல் தள்ளி மாட்டியிருந்தார்கள். உங்களுக்கும் அப்படி இருந்தால் நீங்கள் வைத்த புள்ளியை நம்பாமல் அம்பை நம்புங்கள்.

என்னுடையதில் இரு முனையிலும் யூ-போல்ட். சில வண்டியில் ஃப்ளாஞ்ச் போல்ட் நான்கு இருக்கும். கிரவுன் பக்கத்தை முதலில் விடுவித்து, ஷாஃப்ட்டை முன்னே தள்ளினால் ஸ்லிப் உள்வாங்கி முனை இறங்கிவிடும். இறங்கியவுடன் யோக்கில் மாட்டாத இரண்டு கப்பையும் ஒரு டேப்பால் சுற்றிக் கட்டுங்கள். தகரம் எப்படி இருந்தது, லாக் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமே. கப்பு மண்ணில் விழுந்தால் சாட்சி போச்சு.

பழைய கிராஸைப் பிரித்ததும் கால்களைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி ஊசியாகக் கோடு பதிந்திருந்தால் தேய்மானம். கப்புக்குள் கிரீஸுக்குப் பதிலாகச் செங்கல் பொடி மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. தனுஷ்கோடி வண்டியில் இரண்டும் இருந்தது.

அளவு எடுப்பது

பணம் வீணாவது இந்த இடத்தில்தான். கடைக்காரரிடம் "ஜீப்புக்கு கிராஸ் குடுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வெர்னியர் அளவுகோல் ஒன்று வாங்குங்கள். எடுக்க வேண்டியது இரண்டே அளவு: கப்பின் வெளிவிட்டம், எதிரெதிரான இரண்டு கப்பையும் முழுதாக உட்கார வைத்து, இந்தக் கப்பின் முதுகிலிருந்து அந்தக் கப்பின் முதுகு வரை நீளம். பழைய கிராஸையே அளந்து நம்பிவிடவும் கூடாது, அதுவே தப்பாக இருக்கலாம். யோக்கின் துளையையும், இரு பக்க லாக் காடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அளந்துவிடுங்கள்.

என் யோக்குக்கு வந்தது 27 மில்லிமீட்டர் கப்பு, 81.8 நீளம். அதாவது 1310. இங்கே ஒரு பொறி உண்டு. 1330க்கும் கப்பு அதே 27தான், ஆனால் நீளம் 92. கப்பைப் பார்த்து 'சரிதான்' என்று வாங்கினால் யோக்குக்குள் நுழையாது. ஒரு ஜோடிக் கால் 1310, மறு ஜோடி 1330 என்று கலப்புக் கிராஸும் விற்கிறார்கள். அது இரண்டு அளவு யோக்கை இணைப்பதற்கு. உங்கள் யோக் அப்படி இல்லையென்றால் அது எதற்கு?

ராமநாதபுரத்தில் கிடைக்காமல் மதுரைக்குப் போனபோது, பழைய கிராஸோடு ஷாஃப்ட்டையும் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதைத் தடவிப் பார்த்து, "என்னண்ணே, பீரங்கியா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அந்த டிக்கெட் காசு நஷ்டமே இல்லை. கடை வாசலிலேயே புதுக் கப்பை யோக்கில் வைத்துப் பார்த்தேன். கையால் அழுத்தினால் சளக்கென்று உள்ளே போகக் கூடாது. தட்டினால்தான் இறங்க வேண்டும். தானாக இறங்கினால் யோக் துளை பெரிதாகிவிட்டது. அப்போது தகரமும் வேண்டாம், துளைக்குள் பஞ்ச் அடித்து இறுக்கும் தந்திரமும் வேண்டாம். வேறு யோக்கை லேத் பட்டறையில் வைத்து வெல்டு அடித்து பேலன்ஸ் பார்ப்பதே வழி. நிப்பிள் உள்ள கிராஸையே வாங்குங்கள். உப்புத்தண்ணீர் படும் வண்டிக்கு மூடிய கிராஸ் எனக்கு ஒத்துவரவில்லை.

வைஸ்ஸில் தள்ளுதல்

சர்கிளிப் பிளையரால் லாக்கை எடுங்கள். வராவிட்டால் கப்பின் முதுகில் ஒரு தட்டு தட்டினால் அழுத்தம் விட்டு இளகும். பிறகு பெரிய வைஸ் (பட்டறை மேசையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) வேண்டும். ஒரு பக்கம் கப்பைவிடச் சிறிய சாக்கெட், எதிர்ப்பக்கம் கப்பு முழுதாக நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட். நடுவில் யோக். வைஸை இறுக்கினால் சின்னது தள்ளும், பெரியது வாங்கிக்கொள்ளும். சுத்தியலால் யோக்கின் காதை அடித்து இறக்குகிறவர்கள் நிறைய. காது அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் புதுக் கிராஸ் இறுகிப்போகும்.

துளையைத் தேய்க்க உப்புத்தாள் போதும். லாக் காடியில் உள்ள துருவைக் குத்தூசியால் ஒரு பொடி விடாமல் சுரண்டுங்கள். காடி சுத்தமாக இல்லாவிட்டால் லாக் முழுதாக உட்காராது. ஓட்டத்தில் தெறித்துவிடும்.

புதுக் கப்பைத் திறந்து, நீடில் எல்லாம் நெருக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். கடையில் தடவியிருப்பது வெறும் காப்பு எண்ணெய் போல இருந்தால், விரல் நுனியில் கிரீஸ் எடுத்து நீடில்களைச் சுவரோடு ஒட்ட வையுங்கள். முதல் கப்பைப் பாதி இறக்கி, கிராஸை உள்ளே விட்டு, அதன் காலை அந்தக் கப்புக்குள் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்க்கப்பை இறக்கும்போதும் கால் இரண்டு கப்புக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டும். காலை விட்டுவிட்டால் ஒரு நீடில் சாய்ந்து கப்பின் அடியில் படுத்துக்கொள்ளும்.

அது படுத்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ஒரு பக்க லாக் மாட்டிவிடும், மறுபக்கம் காடி பாதி மறைந்திருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கொஞ்சம் போகாது. முதல்முறை எனக்கு அதுதான் நடந்தது. நானும் வைஸ் கைப்பிடியில் பைப் மாட்டப் போனேன். காக்கா கையைப் பிடித்தார். "எறங்கலேன்னா உள்ள ஏதோ கெடக்குது தம்பி. பைப்பக் கீழ வையி, கப்பக் கழத்து." கழற்றினால் ஒரே ஒரு நீடில் குறுக்கே கிடந்தது. ஊரில் பலரும் இந்த இடத்தில்தான் கப்பை உடைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

நிப்பிள் ஷாஃப்ட் குழாய் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கிரீஸ் கன் எட்டுமா என்று மாட்டும் முன்பே வைத்துப் பாருங்கள். இரண்டு லாக்கும் உட்கார்ந்தபின் மரச்சுத்தியலால் யோக்கின் காதை லேசாகத் தட்டினால் கப்பு லாக்கோடு ஒட்டி நிற்கும், இறுக்கம் விடும். கையால் அசைத்தால் மெல்லிய பிடிப்போடு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி திரும்ப வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சிக்கினால் மறுபடி பிரியுங்கள்.

மாட்டுதல்

ஸ்லிப்பில் அம்பும் அம்பும் எதிரெதிரே வரும்படி கோத்துவிடுங்கள். பிறகு ஷாஃப்ட்டைத் தரையில் கிடத்தி ஒரு முனையிலிருந்து கண்ணை ஓட்டுங்கள். இந்த யோக்கின் காதும் அந்த யோக்கின் காதும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும்.

வண்டிக்கு அடியில் மாட்டும்போது, யோக் ஓரத்தில் சின்னப் பல் போல நிற்கும் இரு முனைக்கு நடுவே கப்பு உட்கார வேண்டும். பல்லின் மேல் ஏறி நின்றபடி யூ-போல்ட்டை இறுக்கினால் கப்பு நசுங்கும். இரண்டு நட்டையும் மாறி மாறி, சின்ன ஸ்பேனரால், கை பலத்துக்கு மட்டும் இறுக்குங்கள். அளவு மீறினால் கப்பு முட்டை வடிவாகி நீடில் சிக்கும். ஸ்பிரிங் வாஷர் புதிதாகப் போடுங்கள்.

கிரீஸ் வீல் பேரிங்குக்குப் போடும் லித்தியம் வகை. கன்னை மெதுவாக அழுத்தி, நான்கு கப்பின் சீல் ஓரத்திலும் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் ஷாஃப்ட்டைப் பல திசையில் அசைத்து மறுபடி அடிக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பது உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே உள்ள நேரான சாலையில். பாம்பன் பாலத்தில் வேண்டாம். அங்கே காற்றின் உதறலும் ஷாஃப்ட்டின் உதறலும் பிரித்துத் தெரியாது. படம் எடுக்க நிற்கிற கூட்டம் வேறு. கிராஸ் எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் மிச்சம் இருந்தால் கோணத்தைப் பாருங்கள். மணலுக்காகப் பழைய சொந்தக்காரர் கமான் பட்டையில் கூடுதல் பட்டை செருகி வண்டியைத் தூக்கியிருந்தால், கிரவுன் முகம் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு இணையாக இருக்காது. எனக்கு ஒரு பட்டையை எடுத்த பிறகுதான் கடைசி நடுக்கம் போனது.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். தனுஷ்கோடிச் சாலையில் அலைத்தண்ணீர் தெறித்தாலும் மணல் மூடிய இடத்தில் வண்டி இறங்கினாலும், வீடு வந்த அன்றே அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, நிப்பிளில் கன்னை வைத்துப் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடித்துவிடுங்கள். பானட்டின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் நான் '27 × 81.8, இரண்டு முனையும்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அடுத்து இந்த வண்டியை வாங்குகிறவர் பால்பவுடர் டப்பாவைத் தேடக் கூடாது.